எங்கள் ஊர் கட்சிக் கிளை: சேவைக்கு நாலு நட்சத்திரம், வேட்பாளருக்கு ஒன்று

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கட்சிக் கிளையின் சேவை மையம், பெயர் வேண்டாம். சிவப்பு ஐசியை (நிரந்தரவாசி அடையாள அட்டை) நீலமாக (குடிமக்கள் அட்டை) மாற்றும் விண்ணப்பம், உதவித்தொகை பாரம், எதுவானாலும் உட்கார வைத்து எழுதிக் கொடுப்பார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால், பேரை மேலிடத்துக்கு அனுப்புவதோடு சரி, அப்புறம் கூட்டணிப் பேச்சில் தொகுதியே வேறு கட்சிக்குப் போய்விடும். வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 10,000. பால் வெட்டுகிறவர் எங்கே புரட்டுவார்? கிளை ஒரு நிதியாவது திரட்டலாமே, கேட்டால் சிரிக்கிறார்கள். ஊராட்சி மன்றத்தில் தொடங்கலாம் என்றால் உள்ளாட்சித் தேர்தலை 1965லேயே நிறுத்திவிட்டார்கள், இன்றும் நியமனம்தான்.

முடியாத காரியமும் இல்லை. இதே தொகுதியில் 2008ல் சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில் நின்று, அமைச்சராகவும் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் இருந்த சாமிவேலுவையே தோற்கடித்தார், அதற்கு முன் தோற்றும் களத்தை விடவில்லை மனிதர், தோட்டம் தோட்டமாக வருடக்கணக்கில் செய்த வேலை அது. இந்தக் கிளையில் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை.

ஐசி வேலைக்கு மட்டும் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஆள் இருக்காது.