கேஸ் கீசர் சர்வீஸ்னு 4,850 ரூபா புடுங்கிட்டான், அம்மா உயிரே போயிருக்கும். தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் நடுங்குது, அதனால எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிருங்க. நாங்க ஓசூர். இங்க மார்கழி குளிர் எப்படினு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வெந்நி இல்லாம அம்மாவால பாத்ரூம் பக்கமே போக முடியாது. அஞ்சு வருஷமா கேஸ் கீசர்தான். ரெண்டு வாரமா டக் டக்னு சத்தம் மட்டும் வருது, பத்த மாட்டேங்குது, நாலஞ்சு தடவ பைப்ப மூடித் திறந்தா பத்துது, அப்பவும் ஒரு கரி வாசனை. சர்வீஸ் பண்ணிடலாம்னு போன்ல வீட்டுக்கே ஆள் அனுப்புற ஒரு ஆப்ல புக் பண்ணேன். பேரு சொல்லல, ஆனா இந்த மாதிரி எல்லா ஆப்லயும் ஜாக்கிரதையா இருங்க.

போன சனிக்கிழமை ஒரு பையன் வந்தான். யூனிபார்ம் டீசர்ட், கழுத்துல ஐடி கார்டு, செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வந்தான். அம்மா டீ போட்டுக் குடுத்தாங்க. "அம்மா உங்கள பாத்தா எங்க அம்மா மாதிரியே இருக்கு, அதனால உண்மைய சொல்றேன், இத இப்படியே விட்டா வெடிச்சிரும்"னான். அந்த ஒரு வார்த்தைல நான் விழுந்துட்டேன். வீட்ல வயசானவங்க இருக்கும்போது வெடிச்சிரும்னு ஒருத்தன் சொன்னா யாரு பேரம் பேசுவா சொல்லுங்க?

கேஸ் வால்வு 1,900, டயாப்ரம் (தண்ணி வந்தா கேஸ திறந்து விடுற ரப்பர்) கிட் 850, உள்ள கெமிக்கல் வாஷ் 1,200, கூலி 900, மொத்தம் 4,850. "ஆப்ல போட்டா டேக்ஸ் சேரும் சார், எனக்கு நேரா ஜிபே பண்ணிடுங்க"னான், பண்ணேன். தூசி பறக்கும்னு சொல்லி பாத்ரூம் கதவ சாத்திக்கிட்டான். முக்கால் மணி நேரம். வெளிய வந்து பைப்ப திறந்தான், ஒரே டக்குல பத்திக்கிச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். பழைய பார்ட்ட குடுன்னு கேக்கக்கூட தோணல, ஓடிபி கேட்டான், சொல்லிட்டேன்.

செவ்வாக்கிழமை காலைல அம்மா குளிக்கப் போனாங்க. கொஞ்ச நேரத்துல கதவ திறந்துட்டு சுவத்த புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, "தம்பி தலைய சுத்துதுடா, குமட்டுது"னு. நல்லவேளை தாழ்ப்பாள் போடாம இருந்தாங்க. மாடிக்குக் கூட்டிட்டுப் போய் காத்துல உக்கார வெச்சு, அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டர் மொதல்ல கேட்டதே "பாத்ரூம்ல கேஸ் கீசரா?"னுதான். கார்பன் மோனாக்சைடு. கேஸ் லீக் ஆனா நாத்தம் வரும், ஏன்னா அதுக்குனே ஒரு வாசனைய கலந்து விடுறாங்க, ஆனா சரியா எரியாம வர்ற இந்த வாயுவுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய எடத்துல இது போய் ஒட்டிக்கும். அம்மா இப்ப நல்லா இருக்காங்க.

அன்னிக்கு சாயங்காலமே எங்க தெருவுல அடுப்பு ரிப்பேர் பாக்குற அண்ணன கூப்ட்டேன். கவர கழட்டப் போனவரு ஸ்க்ரூவ காட்டுறாரு, துரு அப்படியே இருக்கு, அசையவே இல்ல. அவன் கவரையே திறக்கல! உள்ள அதே பழைய வால்வு, அதே டயாப்ரம் உப்பு படிஞ்சு விறைச்சுப் போய், தண்ணிய சூடாக்குற செம்புத் தகடு பூரா கரி அடைச்சிருக்கு. புகை மேல போக வழியே இல்ல. அந்தப் பையன் மாத்துனது ரெண்டே ரெண்டு பேட்டரி. பேட்டரி வீக்கானாலே பொறி சரியா வராது, அதான் டக்குனு பத்துச்சு. 4,850 ரூபாய்க்கு ரெண்டு பேட்டரி!! குளிருக்குனு ஜன்னல்ல நான் அட்டை வெச்சு அடைச்சிருந்தத பாத்து அண்ணன் என்னையும் திட்டுனாரு, நியாயந்தான்.

ஆப்ல சாட்ல கேட்டா மொதல்ல மிஷின் பதில். ஒன்றரை நாள் கழிச்சு ஒரு பொண்ணு, "ஓடிபி குடுத்துட்டீங்களே சார், அப்ப வேலை முடிஞ்சதுனுதானே அர்த்தம்". அம்மா ஆஸ்பத்திரி போனத சொன்னேன், "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னாங்க. மேனேஜர கேட்டா லைன் கட். கடைசியா "ஆப்புக்கு வெளில குடுத்த 4,850க்கு நாங்க பொறுப்பில்ல". அவன் நம்பர் சுவிட்ச் ஆஃப். 1915 கன்சூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைண்ட் போட்டிருக்கேன்.

என்ன கவனிக்கணும்னு விவரமா எழுதணும்னு நெனச்சேன், இப்ப முடியல. தீ நீலமா எரியணும், மஞ்சளா இருந்தாலோ கரி புடிச்சாலோ உடனே நிறுத்துங்க. கீசர பாத்ரூமுக்கு வெளில, காத்தோட்டமான எடத்துல மாட்டுங்க, ஜன்னல அடைக்காதீங்க. ஆள் கவர திறக்கும்போது கூடவே நில்லுங்க, பழைய பார்ட்ட கைல வாங்காம காசும் குடுக்காதீங்க ஓடிபியும் சொல்லாதீங்க. சிலிண்டர்ல இருந்து வர்ற ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூப்ல தேதி போட்டிருக்கும், அஞ்சு வருஷம் ஆயிருந்தா மாத்துங்க. லீக் சந்தேகம்னா சோப்பு தண்ணி தடவிப் பாருங்க, தீக்குச்சி வேண்டாம். கேஸ் வாசனை அடிச்சா சுவிட்ச்ச தொடாம ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னல திறந்துட்டு வெளில வந்து கேஸ் எமர்ஜென்சி நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க.

அம்மா இப்ப அடுப்புல அண்டா வெச்சுதான் குளிக்கிறாங்க, கீசர் பேச்சு எடுத்தாலே வேணாம்ங்கிறாங்க. இத டைப் பண்ணிட்டு இருக்கும்போதே ஆப்ல இருந்து மெசேஜ் வருது, உங்க புகார் தீர்க்கப்பட்டது, அஞ்சு ஸ்டார் குடுங்கனு.