பிளாஸ்டர் வேலை: குவாரியா, நிலத்தடிச் சுரங்கமா, பெங்களூரு அஸ்திவாரமா?

பாறையில் வெடி வைக்கிற பிளாஸ்டர் வேலைக்குச் சர்டிபிகேட் எடுத்தாயிற்று, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கிற பையன்கள் பெங்களூருவில் இன்னும் இருக்கிறார்கள், அதிலும் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து போகிற குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர், அப்பா 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபோது வேலை போனவர், அதனால் பையனுக்கு வெடிமருந்து என்பது வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு. இப்போது அவன் முன்னால் இருக்கிற வழி மூன்று. பெங்களூருவைச் சுற்றியுள்ள ஜல்லி குவாரி, ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம் மாதிரி நிலத்தடிச் சுரங்கம், அப்புறம் நகரத்துக்குள்ளேயே அஸ்திவாரத்துக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பாறை உடைக்கிற கான்ட்ராக்ட் வேலை. சம்பளத்தை மட்டும் வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "இன்றைக்கு வெடிக்க முடியாது" என்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தில் யாராவது கேட்பார்களா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காகித விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், இதில்தான் குழப்பம் அதிகம். சுரங்கம் என்று சட்டம் சொல்கிற இடத்தில் வெடி வைக்க (குவாரியும் அதில் சேர்த்திதான்) மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமான டிஜிஎம்எஸ் தருகிற பிளாஸ்டர் சர்டிபிகேட் வேண்டும், உலோகச் சுரங்கங்களுக்கான 1961 விதிமுறைகளின் கீழ் வந்தது அது. திறந்தவெளிக்கு மட்டும் செல்லுபடியாகிற 'ரெஸ்ட்ரிக்டட்' சர்டிபிகேட்டும் உண்டு, அதை வைத்துக்கொண்டு நிலத்தடிக்கு இறங்க முடியாது. சுரங்கம் இல்லாத இடங்களில், அதாவது கட்டிட அஸ்திவாரம், கிணறு, சாலை வேலைகளில், 2008 வெடிபொருள் விதிகளின்படி மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ தருகிற ஷாட்ஃபயரர் (வெடி வைப்பவர்) பெர்மிட் வேண்டும். ஒன்று கையில் இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டுமே வெடிமருந்து வாங்கவோ வைத்துக்கொள்ளவோ உரிமை தராது. அதற்கான லைசென்ஸும் மேகசினும் (வெடிமருந்துக் கிடங்கு) முதலாளி பேரில் தனியாக இருக்க வேண்டும். இது தெரியாமல், முதலாளி சொன்னார் என்று வெடித் தோட்டாவை பைக்கில் வைத்து எடுத்துப்போகிற பையன்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் உள்ளே போவது அவர்கள்தான்.

குவாரி வேலை மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் கிடைக்கும். சிக்கபல்லாபூர், ராமநகரா, கோலார், இந்தப் பக்கம் ஓசூர், கிருஷ்ணகிரி என்று கல் இருக்கிற திசையெல்லாம் ஆள் தேவை. மேட் (வேலையை மேற்பார்ப்பவர்), துளை போடுகிற டிரில்லர், கம்ப்ரசர் வண்டிக்காரர் என்று பாதிப்பேர் தருமபுரி, சேலம் பக்கத்து ஆட்கள், மொழிப் பிரச்சினை இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். கிரஷருக்குக் கல் தீர்ந்துவிட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். மழை மூடிக்கொண்டு வருகிறது, இடி கேட்கிறது, ஆனால் குழிகளில் மருந்து போட்டாகிவிட்டது, லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அந்த நேரத்தில் சின்ன குவாரியில் பிளாஸ்டரின் பேச்சை மதிக்கிற முதலாளி அபூர்வம்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. "நீ வரவே வேண்டாம் தம்பி, சர்டிபிகேட்டை மட்டும் குடு, மாசாமாசம் ஒரு தொகை வந்துரும்" என்பார்கள். நான்கு குவாரிக்கு ஒரே ஆளின் சர்டிபிகேட், உள்ளே வெடி வைப்பது எந்தக் காகிதமும் இல்லாத ஒருவர். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஒருவர் செத்தால் வழக்கில் உங்கள் பெயர் இருக்கும்.

2021 பிப்ரவரியில் சிக்கபல்லாபூர் பக்கம் ஹிரேநாகவல்லியில் 6 பேர் இறந்தார்களே, அது குவாரியில் குழி வெடித்து நடந்ததில்லை. போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து, சட்டவிரோதமாக வைத்திருந்த ஜெலட்டின் வெடிகுச்சிகளை அப்புறப்படுத்தப் போன இடத்தில் வெடித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஷிவமொக்கா பக்கத்து ஹுணசோடுவில் லாரியில் இருந்த மருந்து வெடித்து ஊரையே உலுக்கியது. இந்த இரண்டையும் நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஒழுங்கான மேகசினும் கணக்குப் புத்தகமும் இருந்திருந்தால் அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

பிளாஸ்டரின் பேச்சுக்கு மதிப்பு என்கிற விஷயத்தில் நிலத்தடிச் சுரங்கம் குவாரிக்கு நேர்மாறு. வெடிப்பு பெரும்பாலும் ஷிப்ட் முடியும் நேரத்தில்தான், ஆட்களை எண்ணி வெளியேற்றிவிட்டு. புகை போய், காற்று சரியாகி, பொறுப்பானவர் போய்ப் பார்த்த பிறகுதான் அடுத்த ஷிப்ட் முகப்புக்குள் நுழையும். மேலே ஃபோர்மேன், அதற்கு மேல் மேனேஜர், தனியாகப் பாதுகாப்பு அதிகாரி, இவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் புத்தகத்தில் இருக்கும் என்பதால் பிளாஸ்டர் வேண்டாம் என்று சொன்னால் அதை மீறி வெடிக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. மிஸ்ஃபயர் ஆன, அதாவது மருந்து வெடிக்காமல் நின்ற குழியை அங்கே தோண்டிப் பார்க்க மாட்டார்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக வேறு குழி போட்டு வெடித்து எடுப்பார்கள். முந்தைய வெடிப்பில் எஞ்சிய குழியடியை, சாக்கெட் என்பார்கள், தேடிக் கண்டுபிடித்து மரக்கட்டை அடித்து அடைப்பார்கள், ஏனென்றால் அதற்குள் கொஞ்சம் மருந்து தங்கியிருந்து டிரில் பிட் அதில் இறங்கினால் டிரில்லர் பிழைக்க மாட்டார். குவாரியிலும் விதி இதேதான், ஆனால் அங்கே பழைய குழியிலேயே பிட்டை வைத்து ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், புதுக் குழி ஆரம்பிக்கிற நேரம் மிச்சமாகிறதாம்.

சுரங்கத்தின் குறை வேறு மாதிரி. ஹட்டி மாநில அரசுக் கம்பெனி, ஆள் எடுப்பதற்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், ராய்ச்சூர் மாவட்டம் அரசியல் சாசனத்தின் 371 ஜே பிரிவுக்குள் வருவதால் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு, பெங்களூரு பையனுக்கு மிஞ்சும் இடம் குறைவு. குடும்பத்தை விட்டு இருக்க வேண்டும். இதற்கு நடுவில் இன்னொரு வழியாக பல்லாரி மாவட்டத்து சண்டூர், தோணிமலை பக்கத்து இரும்புத்தாது திறந்தவெளிச் சுரங்கங்கள் இருக்கின்றன. பெரிய மெஷின்கள், டேங்கர் வண்டியில் வந்து நேராகக் குழிக்குள் இறங்குகிற எமல்ஷன் (குழம்பு மாதிரியான வெடிமருந்து) என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும், ரெஸ்ட்ரிக்டட் சர்டிபிகேட்காரர்களுக்கு இது நல்ல இடம்.

இப்போது பெங்களூரு. லால்பாக் பாறையைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதான நைஸ் பாறை, அதே குடும்பத்துப் பாறைதான் இந்த ஊரின் அடியிலும் இருக்கிறது. மெட்ரோ சுரங்கப் பாதையை மெஷின் குடைந்துவிடும், ஆனால் ஸ்டேஷனுக்கு மேலிருந்து தோண்டுகிற பள்ளத்தில் பாறை வந்தால் பிரேக்கர் வைத்துக் கொத்த வேண்டும் அல்லது கட்டுப்படுத்திய வெடி வைக்க வேண்டும். அடுக்குமாடிக்கு இரண்டு மூன்று தளம் கீழே பார்க்கிங் தோண்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

குவாரியில் கல் எவ்வளவு விழுந்தது என்பது கேள்வி. இங்கே பக்கத்து வீடு எவ்வளவு அதிர்ந்தது என்பதுதான் கேள்வி. 1997-இல் டிஜிஎம்எஸ் வெளியிட்ட சுற்றறிக்கைதான் இதற்கு அளவுகோல். சாதாரண வீடுகளுக்கு அதிர்வின் வேகம், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8-லிருந்து 25 வரை 10, அதற்கு மேலே 15, இதைத் தாண்டக்கூடாது. பழைய நினைவுச் சின்னங்களுக்கு 2-லிருந்தே ஆரம்பிக்கும். மொத்தம் எவ்வளவு மருந்து என்பதைவிட ஒரே நொடித்துணுக்கில் எவ்வளவு மருந்து வெடிக்கிறது என்பதுதான் அதிர்வைத் தீர்மானிக்கும், அதனால் ஒவ்வொரு குழிக்கும் சில மில்லிசெகண்ட் இடைவெளி கொடுத்துப் பிரிப்பார்கள். மருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கிற மின் டெட்டனேட்டருக்கு மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் தடை அறிவித்த பிறகு மின்சாரம் இல்லாமல் குழாய் வழியே தூண்டுகிற ஷாக் ட்யூபும் எலக்ட்ரானிக் டெட்டனேட்டரும்தான் வழி. எலக்ட்ரானிக்கில் குழிக்குக் குழி நேரத்தைத் துல்லியமாக வைக்கலாம், இதைக் கற்றுக்கொண்ட பையனுக்கு நகரத்தில் மதிப்பு தனி.

கல் பறப்பதுதான் இங்கே பெரிய பயம். மேலே கம்பி வலை, கன்வேயர் பெல்ட், பழைய டயர், மணல் மூட்டை என்று மூடினாலும், பாறைக்கு நடுவே மண் பட்டை ஓடினால் காற்று அந்தப் பக்கம்தான் பீறிடும். நல்ல டிரில்லர் இதைத் துளை போடும்போதே சொல்லிவிடுவார். வெள்ளையாக வந்துகொண்டிருந்த தூள் திடீரென்று செம்மண் நிறமாக மாறும், ராடு சட்டென்று வழுக்கி இறங்கும், "மண்ணு வருதுண்ணே" என்பார். அந்தக் குழியில் அந்த ஆழத்துக்கு மருந்து போடாமல் அடைத்துவிட வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளாத பிளாஸ்டர் நகரத்தில் வேலை செய்யக்கூடாது.

வேலைக்கு முன்னால் சுற்றிலும் உள்ள வீடுகளின் விரிசல்களை போட்டோ எடுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்க வேண்டும். கன்னடத்தில் பொறுமையாகப் பேசத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. திருவிழா, தலைவர்கள் வருகை, தேர்தல் என்றால் அனுமதி நிற்கும், அன்றைக்குத் தினக்கூலிக்காரர்களுக்குச் சம்பளமும் நிற்கும். பிரேக்கர், கல்லை விரியவைக்கிற பவுடர், வைர ஒயர் அறுப்பு எல்லாம் போட்டிக்கு வந்துவிட்டன, சில தளங்களில் வெடியே வேண்டாம் என்கிறார்கள். அவை மெதுவாக நடக்கும், பிரேக்கர் சத்தம் வாரக்கணக்கில் காதைத் துளைக்கும், ஆனால் ஆஸ்பத்திரி ஒட்டிய தளத்தில் நானே வெடி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தூசி மூன்று இடத்திலும் உண்டு. தண்ணீர் விடாமல் டிரில் ஓட்டுகிற இடத்தில் நிற்காதீர்கள், கல்தூசி நோயான சிலிகோசிஸ் வந்தால் நுரையீரல் திரும்பாது, கோலாரில் இது தெரியாத வீடு குறைவு.

என்னைக் கேட்டால், இருபதுகளில் இருக்கிறவர் இரும்புச் சுரங்கத்துக்கோ ஹட்டிக்கோ முதலில் போக வேண்டும், நான்கைந்து வருஷம் ஒழுங்கான இடத்தில் கை பழகட்டும், அப்புறம் பெசோ பெர்மிட் எடுத்துக்கொண்டு பெங்களூருவுக்கு வந்தால் போதும். அப்பா அம்மாவை விட்டுப் போகவே முடியாது என்கிறவர்கள் நகர கான்ட்ராக்டரிடம் நேராகவே சேரலாம், ஆனால் அனுபவமுள்ள ஒரு பிளாஸ்டருக்குக் கீழே உதவியாளராக. குவாரியை மூன்றாவதாகத்தான் வைப்பேன். நல்ல குவாரிகளும் இருக்கின்றன, மேகசினைத் திறந்து காட்டச் சொன்னால் தயங்காமல் காட்டுகிறவரிடம் தைரியமாகச் சேருங்கள்.

எங்கே சேர்ந்தாலும் பிளாஸ்டராக நியமித்திருக்கிறோம் என்கிற எழுத்துமூல உத்தரவை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், எந்த இடம் என்பது அதில் இருக்க வேண்டும், ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். விபத்து என்று விசாரணை வந்தால், இவர் எங்கள் ஆளே இல்லை என்று சொல்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், உங்கள் குடும்பம் நஷ்ட ஈடு கேட்கப் போகும்போது அந்த ஒரு தாள்தான் பேசும்.