நாசி லெமாக் சாப்பிடப் போய் 'புடி' பற்றிக் கதைச்ச கடை, கொக்குவில்

போன சனி பின்னேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்த மலேசியன் சாப்பாட்டுக் கடைக்குப் போனனான். நாசி லெமாக் உண்மையாவே நல்லா இருந்தது, தேங்காய்ப்பால் சோறு, ரம்பை மணம், கெக்கரி, அவிச்ச முட்டை, நெத்தலி போட்ட சம்பல் (எங்கடை இடிச்ச சம்பல் இல்லை, எண்ணெய் பிரிய வதக்கினது, கொஞ்சம் இனிக்கும்). தே தாரிக் எண்ட பால் தேத்தண்ணியும் நல்ல நுரையோடை இழுத்து ஆத்தித் தந்தவை.

குறை எண்டா கச்சான் இளகிப் போயிருந்தது. சொன்ன உடனை முதலாளி ஐயா வந்து, பரிமாறின பெடியனை எங்களுக்கு முன்னாலை ஒரு சொல்லுச் சொல்லேல்லை, வேறை தட்டு வைச்சிட்டுப் பேந்து உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போய் மெதுவாக் கதைச்சவர். கதிரையைக் காட்டினதும் சுட்டுவிரலாலை இல்லை, கையை மடக்கிப் பெருவிரலாலை, அது மலாய்க்காரரின்ரை மரியாதை. "உன்ரை அப்பப்பாவும் இப்பிடித்தான் காட்டுறவர்" எண்டா அம்மா. அப்பப்பா மலாயா ரெயில்வேயிலை கிளாக்கா இருந்து பென்சனோடை வந்தவர்.

சுவரிலை "ஹுத்தாங் எமாஸ் போலே டிபாயார், ஹுத்தாங் புடி டிபாவா மாத்தி" எண்டு மலாயிலை எழுதிக் கிடக்கு. பொன் கடனைத் தீர்க்கலாம், புடிக் கடன் சாகுமட்டும் கூட வருமாம். புடி எங்கடை புத்தி எண்ட அதே சமஸ்கிருதச் சொல்லுத்தான், ஆனா அங்கை நல்ல மனம், மரியாதை, நன்றி எல்லாம் அதுக்குள்ளை அடங்கும். ஐயா ஒரு பழைய மலாய்க் கதையும் சொன்னவர். குடிகளின்ரை தலைவன் ராசாவிட்டை வாக்குக் கேக்கிறான், பிழை செய்தா தண்டியுங்கோ, ஆனா கேவலப்படுத்தாதேங்கோ எண்டு. ராசா வாக்கை மீறினா குடியும் மீறும்.

1969 மே 13 கோலாலம்பூர் இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970 இலை வந்த ருக்குன் நெகாரா எண்ட மலேசியாவின்ரை தேசியக் கோட்பாடுகளிலை ஐஞ்சாவது கோட்பாடே பண்பும் ஒழுக்கமும்தான், எந்த இனத்தின்ரை மனமும் நோக நடக்கக்கூடாதெண்டு அதுக்கு விளக்கமும் எழுதினவை. அதாலை எல்லாம் தீந்ததெண்டு நான் சொல்லேல்லை, அங்கத்தைத் தமிழருக்கும் கனக்கக் குறை இருக்கு. ஆனா 1956 இலை தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட சனத்துக்கு, ஆளுறவன் குடியை அவமானப்படுத்தக்கூடாது எண்ட அந்த ஒரு வாக்கு எவ்வளவு பெரிசெண்டு விளங்கும், எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை.

நேற்றும் போனனான். அதே பெடியன்தான் தட்டுக் கொண்டந்து வைச்சவன், கச்சான் கலகலவெண்டு இருந்தது. ஏழு மணிக்கு முன்னம் போங்கோ, பிந்தினா சம்பல் முடிஞ்சிடும்.