சஞ்சிகையா, போட்டியா, பதிப்பகமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்கம் அனுப்புவோருக்கான ஓர் ஒப்பீடு

எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எழுதியதை எங்கே அனுப்புவது என்பதைத்தான். சிறுசஞ்சிகைக்கு அனுப்பலாம்; போட்டிக்கு அனுப்பலாம்; ஒரு தொகுதிக்குப் போதுமான ஆக்கங்கள் சேர்ந்துவிட்டால் பதிப்பகத்தை நாடலாம், அல்லது அச்சகத்தில் நேரே கொடுத்து நாமே நூலாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நன்மை உண்டு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் இளம் எழுத்தாளர் ஒருவருக்கு முதலில் வேண்டியது தனது எழுத்தை வரி வரியாக வாசித்துப் பதில் சொல்லும் ஒருவர் என்றே நான் கருதுகிறேன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இம்மூன்றும் சமமானவை அல்ல.

யாழ்ப்பாணத்து இலக்கியம் பெரும்பாலும் சஞ்சிகைகளின் மடியில் வளர்ந்தது. 1946இல் தொடங்கிய மறுமலர்ச்சி, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, 1975இல் தொடங்கிய அலை, 2007இல் அல்வாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஜீவநதி, திருமறைக் கலாமன்றத்தின் கலைமுகம் என்று நீளும் வரிசையில் பெரும்பாலானவை ஒருவருடைய அல்லது ஒரு சிறு குழுவினருடைய உழைப்பில் நடந்தவை. இந்தச் சிறுமையே அனுப்புபவருக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. உறையைப் பிரிப்பவரும் வாசிப்பவரும் முடிவெடுப்பவரும் பல வேளைகளில் ஒரே ஆளாக இருப்பதால், உங்கள் கதை இடையில் எங்கும் தேங்காமல் ஆசிரியரின் மேசைக்கே போய்ச் சேர்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் அனுப்பிய சிறுகதை ஒன்று திரும்பி வந்தபோது, அதன் கடைசிப் பந்தி முழுவதையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் “இது வேண்டுமா?” என்ற இரண்டு சொற்கள் மாத்திரம் இருந்தன. தாய் படலையைக் கொளுவிவிட்டு, வெளிவிளக்கை அணைக்காமலே உள்ளே போகிறாள் என்ற வரியோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். நானோ அதற்குப் பின்னரும் பதினொரு வரிகள் எழுதி, அவள் ஏன் விளக்கை அணைக்கவில்லை என்று விளக்கியிருந்தேன். பந்தியை வெட்டி அனுப்பினேன். அடுத்த இதழிலே கதை வந்தது. அந்தப் பென்சில் கோட்டுக்கு ஈடான பாடத்தை எந்தப் பரிசும் எனக்குத் தந்ததில்லை.

சஞ்சிகைகளின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. சன்மானம் பெரும்பாலும் கிடையாது. ஆக்கம் வந்த இதழின் பிரதி ஒன்று கிடைத்தாலே மகிழ்ச்சி. பதில் தாமதமாகும், சில வேளைகளில் வராமலே போகும். மூன்று மாதம் பொறுத்து ஒரு தடவை பணிவாகக் கேட்பதும், அதற்கும் பதில் இல்லையெனில் ஆக்கத்தை மீளப்பெறுவதாக அறிவித்துவிட்டு வேறிடம் அனுப்புவதும் முறையானவை. அறிவிக்காமல் ஒரே கதையை இரண்டு இடங்களுக்கு அனுப்பி, அது இரண்டிலும் ஒரே மாதத்தில் வந்துவிட்டால், இவ்வளவு சிறிய இலக்கிய உலகில் அந்தச் சங்கடம் நெடுநாள் நீடிக்கும்.

போட்டிகளின் இயல்பு வேறு. ஆக்கத்தில் பெயர் இருக்கக்கூடாது, பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்க வேண்டும், முடிவுத் திகதிக்கு முன் பதிவுத் தபாலில் கிடைக்க வேண்டும் என்ற ஒழுங்குகள் யாருக்கும் முகம் பார்க்காத ஒரு நீதியை ஓரளவு உறுதிசெய்கின்றன. ஊரில் ஒருவரையும் தெரியாத, எந்த வட்டத்திலும் சேராத ஒருவருக்கு இது உண்மையான கதவு. பிரதேச செயலகங்கள் நடத்தும் இலக்கியப் போட்டிகளில் வெற்றிபெறும் ஆக்கங்கள் மாவட்ட மட்டத்துக்கும், அங்கிருந்து தேசிய மட்டத்துக்கும் போகக்கூடியவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். திகதி குறித்து எழுத வைப்பது போட்டியின் இன்னொரு நன்மை. ஆண்டுக்கணக்கில் முடிக்காமல் வைத்திருந்த கதையை முடிவுத் திகதிக்கு முந்திய இரவில் முடித்தவர்கள் பலரை நான் அறிவேன்.

ஆயினும் போட்டியில் தோற்ற கதை ஏன் தோற்றது என்று எவரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். முதல் மூன்று இடங்களும் ஆறுதல் பரிசுகளும் அறிவிக்கப்படும். மற்றைய ஆக்கங்கள் மௌனத்தில் மறையும். கவிதைக்கு இன்னொரு இடரும் உண்டு. சமாதானம், சுற்றாடல், தாய்மொழி என்று தலைப்புக் கொடுத்து நடத்தப்படும் போட்டிக்கு எழுதப்படும் கவிதை, தலைப்பைச் சுற்றியே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே கவிதையைச் சஞ்சிகைக்கும், பக்க எல்லைக்குள் அடங்கும் இறுக்கமான சிறுகதையைப் போட்டிக்கும் அனுப்புவதே பொருத்தம் என்பது எனது துணிபு.

போட்டிக்கு அனுப்புமுன் விதிகளில் இரண்டை விரல் வைத்து வாசியுங்கள். முதலாவது, ஆக்கம் முன்னர் எங்கும் பிரசுரமாகாததாக இருக்க வேண்டும் என்பது. முகநூலில் இட்ட கவிதையையும் பிரசுரமானதாகவே பல ஏற்பாட்டாளர்கள் கொள்கிறார்கள். பத்து நண்பர்களின் விருப்பக்குறிக்காக ஒரு நல்ல கவிதையின் வாய்ப்பை இழக்க வேண்டாம். இரண்டாவது, உரிமை பற்றியது. எனது கதை ஒன்று போட்டியில் பரிசு பெற்றபின், என்னிடம் கேளாமலே ஒரு தொகுப்பில் சேர்க்கப்பட்டு, தலைப்பும் மாற்றப்பட்டு வெளிவந்தது. கேட்டபோது, பரிசு கொடுத்துவிட்டோமே என்றார்கள். அந்தப் போட்டியின் அறிவித்தலில் உரிமை பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிறது; எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை; அவரது ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கிறது. பரிசுப் பணம் அந்த உரிமையைத் தானாகவே கைமாற்றிவிடாது. தொகுப்பில் ஒரு தடவை சேர்க்கும் அனுமதியை மாத்திரம் தருகிறேன் என்று அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிடுவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டிகளிடம், அந்தப் பணம் எதற்கு என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

இனி நூல். இங்கே பலர் செல்லும் பாதை, அச்சகத்தில் நேரே கொடுப்பது. முப்பத்தோராம் நாள் நினைவுமலர்களை அச்சிடும் அதே அச்சகத்தில் முந்நூறு பிரதிகள் அடித்து, மண்டபம் எடுத்து, வெளியீட்டு விழா வைப்பார்கள். முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெறுவோர் உறையில் வைத்துத் தரும் பணம் அச்சுச் செலவின் ஒரு பகுதியையாவது மீட்டுத் தரும். இந்த வழக்கத்தை நான் இழிவாகப் பார்க்கவில்லை. உறவும் ஊரும் சேர்ந்து ஒரு நூலைத் தாங்குவது மதிப்புக்குரியது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அச்சகம் கொடுத்ததை அச்சடிக்கும். பன்னிரண்டாம் கவிதை பலவீனமானது, அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லாது. மெய்ப்புப் பார்ப்பதும் எழுதியவரின் தலையிலேயே விழும். விழா முடிந்த மறுநாள் மிஞ்சிய பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

தமிழகப் பதிப்பகம் என்றால் பரந்த வாசகர் கிடைப்பர். சனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை நோக்கி நூல் தயாராகும். திறமையான பதிப்பாசிரியர் ஒருவர் கிடைக்கவும் கூடும். ஆனால் அந்நூல் இங்கு வந்து சேரும்போது இந்திய விலையோடு நாணய மாற்றும் ஏற்றுமதிச் செலவும் சேர்ந்துவிடுவதால், எந்த ஊரைப் பற்றி எழுதினீர்களோ அந்த ஊர்ப் பிள்ளை அதை வாங்கத் தயங்குவாள். படலை, கதியால், கொப்பி போன்ற நம்மூர்ச் சொற்களை மாற்றலாமா என்ற கேள்வியும் வரும். நூலின் இறுதியில் சொற்பட்டியல் சேர்க்கச் சம்மதிக்கலாம்; கதைக்குள் கைவைக்கச் சம்மதிக்க வேண்டாம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சிறு பதிப்பகம், பிரதிகளை நீங்களே ஓரளவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டாலும், வாசித்துத் திருத்தும் ஒருவர் அங்கே இருப்பாரெனில் நான் அதையே தெரிவுசெய்வேன். பணம் பற்றிப் பேசுமுன் அவரைச் சந்தித்து, தொகுதியில் எந்தக் கவிதையை நீக்குவீர்கள் என்று கேளுங்கள். உடனே ஒன்றைச் சொல்லக்கூடியவர் உண்மையாகவே வாசித்திருக்கிறார்.

சர்வதேச நியம நூல் இலக்கத்தை (ISBN) இலங்கையில் தேசிய நூலக மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. 978-955, 978-624 என்று தொடங்குபவை நமது நாட்டுக்கானவை. நீங்களே வெளியிடும் நூலுக்கும் அதைப் பெறலாம். அரச சாகித்திய விருதுக்கும் மாகாண நூற்பரிசுக்கும் பிரதிகளை யார் அனுப்புவது என்பதை முன்கூட்டியே பேசிவைத்தல் வேண்டும். இருவரும் மற்றவர் அனுப்புவார் என்றிருந்து காலம் கடந்ததுண்டு.

எங்கே அனுப்பினாலும் ஒரு சிறு விடயம் பெரிய தலையிடியாகும். நம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கவிதை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மறுபடியும் வரி வரியாக வாசித்து, கவிதையின் வரி முறிவுகள் குலையாமல் இருப்பதைக் காட்டப் பிடிஎஃப் கோப்பு ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள்.

சென்ற வாரம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பதினொரு கவிதைகளும் ஒரு நீண்ட சிறுகதையும் கொண்டுவந்தாள். இருவரும் இருந்து ஐந்து கவிதைகளைத் தெரிந்து ஒரு சஞ்சிகைக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். கதையில் இரண்டு பக்கம் குறைத்தால் பிரதேச செயலகப் போட்டிக்குப் பொருந்தும் என்றேன், குறைத்துக்கொண்டிருக்கிறாள். தொகுதி போடலாமா என்று அவளுடைய தகப்பனார் கேட்டார். சஞ்சிகையின் பதில் வரட்டும் என்றேன். மிச்சம் ஆறு கவிதைகளும் இன்னும் அவளுடைய கொப்பியிலேயே இருக்கின்றன.