குறைத்த எடை திரும்பாமலிருக்க: நடையா, ஓட்டமா, ஜிம்மா?

எடையைக் குறைக்கும் மாதங்களில் பெரும்பாலான வேலையை உணவுக் கட்டுப்பாடே செய்துவிடுகிறது. உடற்பயிற்சியின் அருமை, குறைத்ததைத் தக்கவைக்க வேண்டிய ஆண்டுகளில்தான் தெரியவருகிறது. இளைத்த உடல் முன்பைவிடக் குறைந்த கலோரியே செலவிடும், பசியோ கூடும் என்பதால், அந்த ஆண்டுகளில் வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான பயிற்சி தேவைப்படலாம் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எனவே, நிமிடத்துக்கு எவ்வளவு கரைகிறது என்பதைவிட, இத்தனை நிமிடங்களை ஆண்டு முழுவதும் எதில் சேர்க்க இயலும் என்பதே சரியான கேள்வி.

கணக்கில் முந்துவது ஓட்டம். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 350 கலோரி செலவாகும். அதே தொலைவை ஒரு மணி நேரம் நடந்து கடந்தால் ஏறத்தாழ 250. நேரம் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய லாபம்தான். ஆனால் முழங்காலோ கணுக்காலோ மக்கர் செய்து, சில வாரங்கள் ஓய்வெடுக்க நேர்ந்தால், லாபத்தோடு பழக்கமும் போய்விடும்.

ஜிம்மைப் பற்றிச் சொல்லப்படுவதில் மிகை அதிகம். ஒரு கிலோ தசை, சும்மா இருக்கும்போது நாளொன்றுக்குச் செலவிடுவது ஏறக்குறைய 13 கலோரி மட்டுமே. 'தசை வளர்ந்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்' என்ற விளம்பரப் பேச்சை நம்பிச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இருப்பினும் எடையோடு தசையும் குறையாமல் காக்க எடைப்பயிற்சி தேவை. வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும்படி உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. பை எடுத்து, உடை மாற்றி, போய்வரும் அலுப்பு பொறுக்காதவர், வீட்டிலேயே கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், சுவரில் கைவைத்துத் தண்டால் எடுக்கலாம்.

நிலைத்து நிற்பதில் என் கணிப்பில் நடையே முதலிடம். குறைத்த எடையைத் தக்கவைத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1994 முதல் பராமரிக்கப்படும் தேசியப் பதிவேட்டில் உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடுவது நடையைத்தான். (தாமாக முன்வந்து பதிவு செய்தவர்கள் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.) பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேண்டிய வேகம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்பதும் இல்லை; காலையில் இருபது, மாலையில் நாற்பது நிமிடங்கள் என்று பிரித்தாலும் கணக்கில் சேரும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு ஒன்றில், புதிய செயலொன்று பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை ஆயின. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. அத்தனை மாதங்கள் தாக்குப்பிடிக்க, தினசரி நடையை அடித்தளமாகவும், இரண்டு நாள் தசைப்பயிற்சியைத் துணையாகவும் கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஓட்டத்தில் விருப்பமுள்ளவர் நடைக்கு நடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஓடிப் பார்க்கலாம். கால் வலித்தால் அன்றைக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.