ஏற்காடு தீர்க்கதரிசன வகுப்பு: தாராளமாகப் போங்கள், ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுங்கள்

பைபிளில் கடைசிக்காலம் பற்றிச் சொல்லியிருப்பதைப் படிக்கிற வகுப்பு இது. வெள்ளி மதியம் தொடங்கி ஞாயிறு சாயங்காலம் வரை, தங்க இடம், சாப்பாடு, நோட்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,800 ரூபாய். சீசன் நேரத்தில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி ரூம் வாடகைக்கே இது பத்தாது, அதனால் காசு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேலத்தில் எங்கள் சபையிலும் பக்கத்துச் சபைகளிலும் நோட்டீஸ் கொடுத்தார்கள். தலைப்பு 'மத்தேயு 24: கடைசிக்கால வஞ்சகம்'. ஏழு தலை மிருகம், தீப்பிழம்பு, நடுவில் உடைந்துபோகிற பூமி உருண்டை என்று அச்சடித்தவர் தன் திறமை முழுவதையும் காட்டியிருந்தார். அதைப் பார்த்த வீட்டம்மா "நீங்க போயிட்டு வாங்க, நான் வரல" என்று முடித்துவிட்டாள். உள்ளே நடந்த பாடத்துக்கும் அந்த நோட்டீஸுக்கும் சம்பந்தமே கிடையாது, யாராவது அதைப் பார்த்துத் தயங்கினால் அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற போதகர், இறையியல் கல்லூரியில் பல வருஷம் சொல்லிக்கொடுத்தவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். மைக்கைக் கையில் வாங்கியதும், "அந்திக்கிறிஸ்து யாருன்னு பேரு தெரிஞ்சுக்க வந்தவங்க இப்பவே சொல்லிடுங்க, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார். (அந்திக்கிறிஸ்து என்றால் கிறிஸ்துவுக்கு எதிராளி என்று பைபிள் சொல்கிறவன்.) பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்புறம் மத்தேயு 24ஐ ஒரு ஆளை வாசிக்கச் சொன்னார். உம்முடைய வருகைக்கு அடையாளம் என்ன என்று சீஷர்கள் கேட்கிறார்கள், இயேசுவின் வாயிலிருந்து வருகிற முதல் பதில் "ஒருவனும் உங்களை வஞ்சியாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்". யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதே அதிகாரத்தில் 5, 11, 24 என்று மூன்று இடத்தில் இந்த வஞ்சிக்கிற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊர்க் கன்வென்ஷன் மேடைகளில் எடுத்த எடுப்பில் பூமியதிர்ச்சிக் கணக்கை வாசிப்பார்களே, அவர்கள் இந்த வரிசையைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி சனிக்கிழமை காலை. வஞ்சிக்கிறவர்கள் என்று இயேசு சொன்னபோது அந்தக் காலத்து யூதர்கள் மனதில் யார் வந்திருப்பார்கள் என்று கேட்டு, அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிற ஆட்களைக் காட்டினார். 5ஆம் அதிகாரத்தில் தெயுதாஸ், 21ஆம் அதிகாரத்தில் நாலாயிரம் பேரை வனாந்தரத்துக்குக் கூட்டிப்போன எகிப்தியன். பிறகு யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் எழுதியிருப்பதைச் சொன்னார். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேமை எரிக்கிறார்கள், ஊரே பற்றி எரிகிற நேரத்தில் ஒரு கள்ளத்தீர்க்கதரிசி 'ஆலயத்துக்குப் போங்கள், இரட்சிப்பின் அடையாளம் அங்கேதான் தெரியும்' என்கிறான், அதை நம்பி ஆலயத்தின் வெளி மண்டபத்தில் போய் நின்ற சுமார் 6,000 பேர், பெண்களும் பிள்ளைகளும் சேர்த்து, நெருப்பில் செத்துப்போகிறார்கள். ஹாலில் சத்தமே இல்லை. சின்ன வயசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், இதை ஒரு பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

சுவரில் நான்கு துணிப் படம் மாட்டியிருந்தார்கள். கடைசிக்கால வசனங்களில் சொன்னது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்கிறவர்கள், சபை சரித்திரம் முழுக்க நடந்துகொண்டே வருகிறது என்கிறவர்கள், பெரும்பாலும் இனிமேல்தான் நடக்கும் என்கிறவர்கள், எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற சித்திரம் என்கிறவர்கள், ஆளுக்கு ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் அதை நம்புகிறவர் நின்று வாதாடுவதுபோல் பேசினார், அவருடைய கட்சி எது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது படத்தில் தானியேல் 9இல் தீர்க்கதரிசனமாக வருகிற எழுபது வாரத்தை வரிசையாகக் கட்டம் போட்டு, 69ஆவதற்கும் 70ஆவதற்கும் நடுவில் சிவப்பு நூலில் ஒரு பெரிய இடைவெளி தைத்திருந்தது, கடைசி வாரம் இனிமேல்தான் வரும் என்று காட்ட. நம் பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஏராளமான சகோதர சபைகளிலும் சொல்லிக்கொடுப்பது இந்தப் படம்தான். 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்பவர் பரப்பி, 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியாக உலகம் முழுக்கப் போன போதனை என்று விளக்கினார். இயேசு இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்கிற 'இரகசிய வருகை' போதனையும் இந்தப் படத்தோடு வந்ததுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா "அப்ப அதுக்கு முன்னாடி இருந்தவங்க என்ன நம்பினாங்க பாஸ்டர்?" என்று கேட்டார். அதற்கே முக்கால் மணி நேரம் போனது, ஒரு நிமிஷம்கூட வீண் இல்லை.

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள், அவர்களை வைத்துக்கொண்டே லூத்தரும் மற்ற சீர்திருத்தக்காரர்களும் போப்பாண்டவரைத்தான் அந்திக்கிறிஸ்து என்றார்கள் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. மழுப்பவில்லை, சொன்னார். கூடவே, 1590 வாக்கில் ரிபேரா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு (அவரும் ஆர்.சி.தான்), அந்திக்கிறிஸ்து இனிமேல் வரப்போகிற தனி ஆள் என்று விரிவுரை எழுதியதையும் சொன்னார். அதாவது இன்றைக்கு ஆர்.சி.காரர்களைப் பார்த்து 'மிருகம்' என்று கத்துகிற சில பிரசங்கிகள், வரப்போகிற ஒருவன் என்று சொல்லும்போது ஒரு இயேசு சபைக் குரு சொன்ன பக்கத்தில்தான் நிற்கிறார்கள்! வந்திருந்த ஆர்.சி. அண்ணன்தான் ஹாலில் முதலில் சிரித்தது.

வெளிப்படுத்தல் 13இல் மிருகத்தின் எண் என்று வருகிற 666 பற்றியும் பேசினார். போர்டில் ரோமச் சக்கரவர்த்தி நீரோவைக் குறிக்கிற 'நேரோன் கேசர்' என்பதற்கான எபிரெய எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் எண் மதிப்பைப் போட்டார்: 50, 200, 6, 50, 100, 60, 200. எங்களையே கூட்டச் சொன்னார், 666 வந்தது. நேரோனில் கடைசி எழுத்தை விட்டு நேரோ என்று எழுதினால் 50 குறைந்து 616. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்த ஒரு பழைய பாப்பிரஸ் துண்டில் 616 என்றே இருக்கிறதாம். இரண்டாம் நூற்றாண்டில் இரேனியுஸ் என்ற ஆயருக்கே இந்த இரண்டு எண்ணும் தெரியும். அவரும் இரண்டு மூன்று பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு, அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்வதைவிட நிறைவேறும்வரை காத்திருப்பது நல்லது என்று விட்டுவிட்டார். அந்தப் பொறுமை அப்புறம் வந்த யாருக்கும் இல்லை. தானியேல் 8இன் 2,300 நாளை வருஷமாக்கிக் கணக்குப் போட்ட வில்லியம் மில்லரின் கூட்டம் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று விடிய விடியக் காத்திருந்தது, நம் காலத்தில் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்று சொல்லி, அது போனதும் அக்டோபர் 21 என்று மாற்றினார்.

நடைமுறைக்கு உதவுகிற பாடம் 2 தெசலோனிக்கேயர் 2. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று பவுல் எழுதியதுபோல ஒரு கடிதம் வந்தாலும் கலங்காதீர்கள் என்று பவுலே எழுதுகிறார், அப்படியென்றால் பார்வர்டு மெசேஜ் தொல்லை அப்போதே இருந்திருக்கிறது. அதே நிருபத்தில் வேலை செய்யாமல் சுற்றுகிறவர்களை 3ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். இதைக் கேட்டதும் ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்து, ஆதார்தான் வெளிப்படுத்தல் 13 சொல்கிற மிருகத்தின் முத்திரை என்று யாரோ பயமுறுத்தியதால் பிள்ளைகளுக்கு அதை எடுக்காமலே விட்டு, பள்ளிக்கூடத்தில் அலைக்கழிந்த கதையைச் சொன்னார். போதகர் அவரைத் திட்டவில்லை, உபாகமம் 13ஐத் திருப்பச் சொன்னார். தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் கூப்பிடுகிற திசை தப்பென்றால் கேட்காதே என்கிறது அது. ஒன்று பலித்துவிட்டது என்பதற்காகவே ஊழியக்காரர் பின்னால் ஓடுகிறவர்கள் இந்த ஒரு பகுதிக்காவது வரலாம்.

சாப்பாடு சுமார். சனி மதியம் பிரியாணி நன்றாக இருந்தது, இரவுச் சப்பாத்தி வேண்டாம். காபி மட்டும் தோட்டத்துக் காபி, குறையே இல்லை. வெந்நீர் முதலில் எழுந்த நாலு பேருக்குத்தான் கிடைக்கும். மாடி அறையில் முட்டிவலிக்காரர்களைப் போட்டிருந்தார்கள், கேட்டால் மாற்றித் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

இனி ஞாயிறு மதியம். போதகர் கிளம்பிப்போன பிறகு 'சிறப்புச் செய்தி' என்று வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் கட்டியதை இரண்டு மணி நேரத்தில் இடித்துவிட்டார். சிப், தடுப்பூசி, க்யூ.ஆர். கோடு, எல்லாம் மிருகத்தின் முத்திரை. பார்கோடில் நீளமாக இருக்கிற மூன்று ஜோடிக் கோடும் 6, 6, 6 என்று பெரிதாக்கிய படம் வேறு. சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங் போடுகிற தம்பி கை தூக்கி, "ஐயா, அது ஆரம்பம், நடு, முடிவு எங்கேன்னு மெஷினுக்குக் காட்டுற கோடுங்க, அதுக்கு நம்பரே கிடையாதுங்க" என்றான். "வஞ்சகம் அப்படித்தான் தம்பி வரும்" என்று பதில் வந்தது. இதற்கு என்ன சொல்வது? பையன் உட்கார்ந்துவிட்டான், பின்வரிசையில் இரண்டு பேர் மட்டும் கை தட்டினார்கள், எதற்கு என்று தெரியவில்லை. வாசலில் மேஜை போட்டு அவருடைய புத்தகமும் பென் டிரைவும் விற்றார்கள், கூடவே காணிக்கைக் கவர். முந்தின நாள் கொடுத்த நோட்ஸில் 'பயத்தைக் கிளப்பி உடனே பணம் கேட்டால்' என்று ஒரு கேள்வி இருந்தது, அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டே இதைக் கேட்டோம். நடத்துகிறவர்களிடம் நேராகவே சொன்னேன். "அவரையும் கூப்பிடலைன்னா கூட்டம் சேராது பிரதர்" என்றார்கள். இந்தத் தடவை கூட்டம் வந்தது போதகருக்காக, அது அவர்களுக்கே தெரியும்.

ஆகவே ஐந்துக்கு நாலு கொடுக்கலாம், குறைத்த ஒன்று முழுக்க அந்த மதியத்துக்கு. சொந்தமாகப் பைபிள் வாசிக்கிற பழக்கம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும், பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) பைபிளையே கொண்டு போங்கள், வசனத்தை அதில்தான் வாசிக்கிறார்கள். பன்னிரண்டு வயசுக்குக் கீழே பிள்ளைகள் வேண்டாம், மிருகம் தலை கொம்பு என்று கேட்டுவிட்டு ராத்திரி தூங்காது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பு மே மாதம் என்றார்கள், மலர் கண்காட்சிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் முதல் பாடம் போய்விடும், வெள்ளிக்கிழமை காலையிலேயே ஏறிவிடுங்கள்.