ஆட்டோகேட் பேட்டரிக்கு ரெண்டு ரெசிஸ்டர், மூணு வருஷ அனுபவம்

கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல் வீட்டு ஆட்டோகேட்ல, அதான் மோட்டார்ல தானா திறக்குற கேட்டுல, 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி ஒண்ணு இருக்கு, கரண்டு போனாதான் அது செத்துப்போன விஷயமே தெரியும். ஒரு தடவ நல்ல மழை, அம்மா கார்ல உக்காந்திருக்காங்க, நான் சாவியத் தேடி மோட்டார ரிலீஸ் பண்ணி நனைஞ்சுக்கிட்டே கேட்ட தள்றேன். அன்னைக்கே ஒரு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கண்ட்ரோல் சிப்) வாங்கி பேட்டரி வோல்ட்ட ஃபோனுக்கு அனுப்ப வைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா அந்த சிப்போட பின் 3.3 வோல்ட்தான் தாங்கும், பேட்டரி சார்ஜ் ஆகும்போது 13.8 இருக்கும். ஜாலான் பசார்ல சில்லறக் காசுக்கு 100கே (ஒரு லட்சம் ஓம்) ரெசிஸ்டர் ஒண்ணு 20கே ஒண்ணு வாங்கி சீரீஸ்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா போட்டேன், இதுக்குப் பேருதான் டிவைடர், நடுவுல கெடைக்கிறது சரியா ஆறுல ஒரு பங்கு, அதாவது 2.3 வோல்ட். 3.3 வரைக்கும் ஏன் இழுக்கலன்னா இந்த சிப் 2.5க்கு மேல கோணலாதான் காட்டும். இது எந்நேரமும் குடிக்கிற கரண்டு 0.1 மில்லிஆம்ப்தான், அதனால பேட்டரி தீராது.

மொத வாரம் நம்பர் குதிச்சிக்கிட்டே இருந்திச்சு. 20கேக்கு குறுக்கால 104னு எழுதியிருக்கிற சின்ன கெபாசிட்டர் போட்டதும் அடங்கிருச்சு. (வைஃபை ஓடும்போது, வோல்ட் அளக்குற பின்னுகள்ல ஏடிசி2ங்கிற குரூப் வேலை செய்யாது, 32லேருந்து 39க்குள்ள எடுத்துக்குங்க. பேட்டரி, சிப் ரெண்டுக்கும் கிரவுண்டு (மைனஸ்) ஒண்ணா இருக்கணும்.)

நான் பண்ண முட்டாத்தனம் அடுத்த வருஷம். கேஎல் இடிதான் தெரியுமே, பயந்துபோய் 3.3 வோல்ட் ஸீனர் (அதுக்கு மேல போற வோல்ட்ட அடக்குற டையோடு) ஒண்ண பாதுகாப்புக்குன்னு சேத்தேன், மறுநாளே ஃபோன்ல பேட்டரி 11 வோல்ட் சொச்சம்னு காட்டுது, நானும் பேட்டரி போச்சுன்னு புதுசு வாங்கிட்டேன் லா, அதுவும் 11 சொச்சம்! அப்புறம் மீட்டர வச்சுப் பாத்தாதான் தெரியுது, இந்தச் சின்ன வோல்ட் ஸீனர் 3.3 வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா ஒழுகும், 100கே வழியா வர்ற கரண்டே துளிதான், அதுலயும் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்க அது முழுங்கிருது. கழட்டிட்டேன். 40 வோல்ட் வந்தாலும் 100கே வழியா அரை மில்லிஆம்ப்கூட போகாது, அது போதும்னு விட்டாச்சு.

ஒரே குறை, இது டிவைடரோட தப்பில்ல, சார்ஜர் ஓடிக்கிட்டு இருந்தா கெட்ட பேட்டரியும் 13.8னுதான் நடிக்கும். அதனால மாசத்துக்கு ஒரு தடவ கேட்டு சுவிட்ச அரை மணி நேரம் அடைச்சிட்டு நம்பர் எவ்ளோ இறங்குதுன்னு பாக்குறேன், அம்மா வெளிய போற நேரமா பாத்துதான் அது அமையுது.